கண்ணாடி வைக்காத அக்கா

அந்த அக்கா வீட்டில் கண்ணாடி கிடையாது. தலை வாருவது, கொண்டை போடுவது, நெற்றியில் திருநீறு இடுவது எல்லாம் கைத்தடவல்தான். ஆனாலும் ஒரு நாளும் வகிடு கோணியதில்லை. வேலைக்காட்டுக்குப் புறப்படும்போது என் வீட்டு வாசலில் நின்று முகத்தைக் காட்டுவார்.

"சரியா இருக்காடி?"

நான் தலையை ஆட்டுவேன். அவருக்குக் கண்ணாடியே நான்தான் என்று லயத்துப் பெண்கள் சிரிப்பார்கள்.

இப்போது சிரம்பான் பக்கம் பாரோயில் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி. குளியலறையில் ஒன்று, அலமாரியில் ஒன்று, வாசலில் செருப்பு வைக்கிற இடத்தில்கூட ஒன்று. போகும்போதும் வரும்போதும் என் முகத்தையே பார்க்க வேண்டியிருக்கிறது. அப்போதெல்லாம் என் முகம் எனக்குத் தெரிவதில்லை. அந்த அக்கா முகம்தான் தெரிகிறது.

சிரம்பானுக்குத் தெற்கே ஒரு தோட்டம். ரப்பர் பால்மரத்தைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகு வந்த காலம். லயத்தில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர்தான். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். இரண்டு பேருக்கும் பழம் பொறுக்குகிற வேலை. குலை வெட்டுகிற ஆண்கள் முன்னால் போவார்கள். உதிர்ந்து கிடக்கிற பழத்தைச் சாக்கில் பொறுக்கிக்கொண்டு நாங்கள் பின்னால் போவோம். எனக்கு அதிகம் பேச வராது. அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே குனிந்து நிமிர்ந்தால் பொழுது போய்விடும்.

லயத்தில் எந்த வீட்டில் கண்ணாடி உடைந்தாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். உடைந்த கண்ணாடி ஒரு இரவுகூட வீட்டில் தங்கக் கூடாது என்பது அவர் கணக்கு. கறுப்புத் துணி ஒன்று வைத்திருப்பார். அந்த வீட்டு உப்பிலிருந்தே ஒரு கை, காய்ந்த மிளகாய் நாலைந்து வாங்கிக்கொள்வார். துண்டுகளில் முகம் தெரியாதபடி துணியைப் போட்டு மூடி, அதன் பிறகுதான் கையால் தொடுவார். கட்டிலுக்கு அடியில், அடுப்புக்குப் பின்னால், பாய்க்குள், எல்லா இடத்திலும் தேடி ஒரு சில்லு விடாமல் பொறுக்கி எடுப்பார். மூட்டையாகக் கட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தோட்டத்து எல்லையில் ஆற்றோரம் வெட்டாமல் விட்டிருந்த ஒரு பழைய பால்மரத்தடிக்குப் போய்ப் புதைத்துவிட்டு வருவார். போகும்போது வாய் திறக்கக் கூடாது. வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது.

"திரும்பிப் பாத்தா அதுவும் நம்மளத் திரும்பிப் பாக்கும்டி" என்பார்.

ஒரு தடவை புதைத்துவிட்டு வரும்போது காவல்கார ஐயாவின் நாய் பின்னாலேயே வந்து முந்தானையைக் கவ்விக்கொண்டது. வேறு யாராக இருந்தாலும் கத்திக்கொண்டு திரும்பியிருப்பார்கள். அக்கா திரும்பவில்லை. முந்தானையைக் கவ்விய நாயை இழுத்துக்கொண்டே லயம் வரைக்கும் நடந்து வந்தார். நாய்தான் கடைசியில் அலுத்துப்போய் விட்டது. லயமே கூடி நின்று சிரித்தது. அவர் கால் கழுவிவிட்டு, "எந்த நாய்? நான் பாக்கலயே" என்றார்.

கோடி வீட்டில் ஒரு வேதக்காரப் பெண் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். அவள் வீட்டுச் சிவப்புப் பிளாஸ்டிக் கண்ணாடி உடைந்தபோது அவளும் வந்து நின்றாள்.

"எங்களுக்கு இதெல்லாம் கிடையாதுக்கா. எல்லாம் கர்த்தர் பாத்துக்குவாரு. ஆனாலும் நீங்க வந்து எடுத்துட்டுப் போயிடுங்கலா."

"கர்த்தருக்கு எவ்வளவோ வேல. இத நான் பாத்துக்கறேன்" என்று அக்கா எழுந்து போனார்.

தோட்டத்துக் கணக்கு பார்க்கிற கிராணி வீட்டு அலமாரிக் கண்ணாடி உடைந்த கதையையும் சொல்ல வேண்டும். ஆள் உயரக் கண்ணாடி. கிராணி படித்தவர், இதையெல்லாம் மூடத்தனம் என்று பேசுகிறவர். கிராணியம்மா அவருக்குத் தெரியாமல் பின்வாசல் வழியாக அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். மூட்டை பெரிதாக இருந்ததால் நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். முன்வாசலைத் தாண்டும்போது கிராணி பேப்பரை விரித்து முகத்தை மறைத்தபடி உட்கார்ந்திருந்தார். பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எல்லாத் துண்டும் வந்துருச்சா?"

அக்கா பேசக் கூடாதே. தலையை மட்டும் ஆட்டினார். பேப்பருக்குப் பின்னாலிருந்து அவருக்கு எப்படித் தெரிந்ததோ, "ம்" என்றார்.

சிரிப்பதற்குச் சொல்கிறேனே தவிர, எனக்கும் அந்தப் பயம் உண்டு. என் மகள் பிரசவ வலியில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம். என் கை பட்டுச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி விழுந்து நொறுங்கிவிட்டது. பின்பக்கம் கிளிப் படம் போட்ட பழைய கண்ணாடி. சத்தம் கேட்டு அக்காவே வந்துவிட்டார். என்னைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி உட்காரவைத்தார். "நீ பாக்காத. உன் கண்ணுல பட வேணாம். என் கண்ணோட போகட்டும்" என்று சொல்லிவிட்டுத் துணியை விரித்தார். அவர் மூட்டையோடு படி இறங்கின பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சாயங்காலம் பேத்தி பிறந்த செய்தி வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவர் கையைப் பிடித்து அழுதது மட்டும் தெரியும்.

இந்தப் பயம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் செம்பனை நிழலில் சோறு சாப்பிடும்போது சொன்னார். அவர் வீட்டுக்காரர் குலை வெட்டுகிறவர். காலையில் முகம் வழித்துக்கொண்டிருந்தபோது ஆணியில் மாட்டியிருந்த கண்ணாடி விழுந்து உடைந்திருக்கிறது.

"நான் பெருக்கி எறியறேன்னேன். 'இருடி, பாதி மூஞ்சிதான் பாக்கி'ன்னாரு. பெரிய துண்டா ஒண்ண எடுத்துச் சன்னல்ல சாத்தி வச்சுக்கிட்டு மீதிய வழிச்சாரு. அது அங்கயே கெடந்துச்சு. நானும் விட்டுட்டேன். தெனமும் அதுலயே பாத்து வழிச்சாரு."

அந்த வாரமே குலை சரிந்து கழுத்தில் விழுந்தது. சாக்கில் போட்டுத்தான் தூக்கி வந்தார்கள். மகன் அப்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகையில் தவழ்ந்துகொண்டிருந்தான்.

"ஒடஞ்சது குத்தமில்லடி. ஒடஞ்சத வீட்டுல வச்சிருந்தேன் பாரு, அதுதான் குத்தம். ஒருத்தர வாரிக் குடுத்துட்டேன். இன்னொண்ணு இருக்கு. அத விடமாட்டேன்."

சோற்றுக் கையோடு அதைச் சொன்னார். அவர் உப்பு, மிளகாய், கறுப்புத் துணி எல்லாம் எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. லயத்தில் எங்கே கண்ணாடி உடைந்தாலும் அது சுற்றிச் சுற்றித் தன் பிள்ளையிடம் வந்துவிடும் என்று அவர் பயந்தார்.

பையன் தலை வார எங்கள் வீட்டுக்குத்தான் வருவான். "சின்னம்மா" என்று குரல் கொடுத்துக்கொண்டே சீப்போடு நுழைவான். தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வாரி, என் கண்ணாடியெல்லாம் புள்ளி புள்ளியாக ஆக்கிவிட்டுப் போவான். பள்ளிக்கூட லோரியில் ஏறினால் மற்றப் பிள்ளைகள் எல்லாம் அம்மாவைத் திரும்பிப் பார்த்துக் கை ஆட்டும். இவன் மட்டும் முன்னால் பார்த்தபடியே கையைப் பின்பக்கம் நீட்டி ஆட்டுவான். வெளியே போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்த பழக்கம். வளர்ந்து சுங்கை காடுட் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன பிறகும் அப்படித்தான்.

அதேபோல் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடவும் மாட்டார். ஒரு நாள் சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டு நடந்து போய்க்கொண்டிருந்தான். அக்கா தூக்கோடு ஓடினார். கூப்பிடாமல், வீட்டு முன்னால் ஓடுகிற லோங்காங் சாக்கடையைத் தாண்டிக் குதித்து, ஆயாக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போய் அவனுக்கு எதிரே வந்து நின்றார். மூச்சு இரைக்கிறது, சேலையெல்லாம் சேறு.

"ஏம்மா, பேரச் சொல்லிக் கூப்பிட்டா நிப்பேன்ல?"

"வெளிய போற புள்ளயப் பின்னாலருந்து கூப்புடுவாங்களா? வாயக் கழுவு."

"லோங்காங்குல விழுந்திருந்தா?"

"விழுந்தா நான்தானே விழுவேன். நீ போ."

அவன் மோட்டார் சைக்கிள் வாங்கியபோதுதான், அவன் அப்பா போன பிறகு முதல் தடவையாக, அந்த வாசலுக்குக் கண்ணாடி வந்தது. கைப்பிடியில் இரண்டு பக்கமும் இரண்டு. அக்கா முகத்தைச் சுளித்தார். "வீட்டுக்குள்ள இல்லம்மா, வாசல்லதான நிக்குது" என்று சமாதானம் சொன்னான். அதற்குப் பிறகு அவன் தலை வார எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மோட்டாருக்கு முன்னால் குனிந்து நின்று அந்தச் சின்னக் கண்ணாடியிலேயே வாரிக்கொள்வான். கோலா கிளாவாங்கில் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம். அந்தச் சமயத்தில் வாரல் கொஞ்சம் அதிகம்தான்.

ஒரு நாள் காலையில் அக்கா, "இங்க வாடி" என்று கூப்பிட்டார். போனேன். மோட்டாருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வலது பக்கத்துக் கண்ணாடியில் மேலிருந்து கீழாக ஒரு கீறல். நான் எட்டிப் பார்த்தபோது எங்கள் முகம் இரண்டும் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. அவர் என் தலையைப் பிடித்து நகர்த்தினார்.

குளிக்கத் துண்டோடு வெளியே வந்த பையன் சிரித்தான்.

"சும்மா கீறல்லா, ம்மா. நேத்து மழையில மோட்டார் சாஞ்சிருச்சு. நல்லாத்தான் தெரியுது."

"கழட்டு."

"சனிக்கிழமை டவுனுக்குப் போறப்ப புதுசு மாத்திடறேன்."

"அதுவரைக்கும் அது உன் மூஞ்சிக்கு நேரா நிக்கும். உங்கப்பனும் இப்படித்தான் சொன்னாரு. பாதி மூஞ்சிதான் பாக்கின்னு."

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று அவன் குளிக்கப் போய்விட்டான்.

அவன் வருவதற்குள் அக்கா அவனுடைய ஸ்பானரை எடுத்துத் தானே கழற்றிவிட்டார். பழம் பொறுக்கிக் காய்த்துப்போன கை, எவ்வளவு முறுக்கினாலும் தாங்கும். காம்போடு அதைக் கறுப்புத் துணியில் சுற்றி, உப்பைத் தூவி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தார். திரும்பி வந்தபோது பையன் மோட்டாரைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

"ஒத்தக் காது மோட்டாரா ஆக்கிட்டியே. பொண்ணு வீட்டுக்காரங்க பாத்தா சிரிக்கப் போறாங்க."

"சிரிக்கட்டும்."

"போலீஸ் புடிச்சா?"

"என்னைக் கூப்புடு. நான் வந்து பேசறேன்."

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏறிக் கிளப்பினான். வழக்கம்போலத் திரும்பாமல் கையை மட்டும் பின்னால் ஆட்டினான். அக்கா கால் கழுவிக்கொண்டே என்னிடம், "போச்சுடி. போயே போச்சு" என்றார். அன்றைக்குக் காட்டில் அவர் பாடிக்கொண்டே பழம் பொறுக்கினார். எங்களில் யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு வந்ததுபோல் ஒரு நிம்மதிதான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை வரவில்லை.

அதற்கு முன்பே ஒரு நாள், வேலை முடிந்து வருகிற மாலை நேரம். பெரிய ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் நுழைய வலது பக்கம் திரும்ப வேண்டும். அவன் திரும்பியிருக்கிறான். பின்னால் கல் லோரி ஒன்று முந்திக்கொண்டு வந்திருக்கிறது. ஆட்கள் ஓடி வந்து சொன்னார்கள். அக்கா ஓடினார். நான் அவருக்குப் பின்னால் ஓடினேன்.

வழியில் போன யாரோ ஒரு மலாய்க்காரர் தன் சட்டையைக் கழற்றி அவன் முகத்தை மூடியிருந்தார். சாப்பாட்டுத் தூக்கு புல்லில் உருண்டு கிடந்தது. லோரி ஓட்டியவன் நம் தமிழ்ப் பிள்ளைதான். ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அழுதான்.

"சிக்னல் போட்டான். ஆனா திரும்பியே பாக்கலண்ணே. ஒரு வாட்டி திரும்பிப் பாத்திருந்தா என்னயப் பாத்திருப்பான்."

போலீஸ்காரர் ஒருவர் கீழே கிடந்த மோட்டாரைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு அக்காவிடம் வந்து, "செர்மின் கானான் மானா, மக்சிக்?" என்றார். வலது பக்கத்துக் கண்ணாடி எங்கே அம்மா என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

அக்கா மகன் காலடியில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து மோட்டாரைப் பார்த்தார். அந்த வெற்றுக் கைப்பிடியைப் பார்த்தார். அவ்வளவு நேரம் தலையில் அடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"சாயா சூடா தானாம்" என்றார். நான் புதைத்துவிட்டேன் என்று.

போலீஸ்காரருக்குக் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது. குனிந்து மறுபடி கேட்டார். அக்கா ஆற்றுப் பக்கம் கையை நீட்டிக் காட்டினார். போலீஸ்காரர் அந்தப் பக்கம் பார்த்தார். மரங்கள்தான் தெரிந்தன.

லயத்தில் இரண்டு விதமாகப் பேசினார்கள். புதைத்தும் விடவில்லை பார், தேடி வந்து எடுத்துக்கொண்டது என்றார்கள் வயதானவர்கள். கண்ணாடியைக் கழற்றினதால்தான் பையன் போனான் என்றார்கள் இளவட்டங்கள். யாரும் அவர் காது கேட்கப் பேசவில்லை. ஆனால் பலகைச் சுவர். எனக்குக் கேட்டதெல்லாம் அவருக்கும் கேட்டிருக்கும். அவர் பக்கத்திலிருந்து இருமல்கூடக் கேட்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் மண்வெட்டியோடு வாசலில் வந்து நின்றார். தலை வாரவில்லை. சரியா இருக்கா என்றும் கேட்கவில்லை.

"வர்றியா?"

போனேன். பேசக் கூடாத அந்த வழியில் அவர் பேசிக்கொண்டே வந்தார். இந்த வருஷம் மழை அதிகம் என்றார். காவல்கார ஐயாவின் நாய் கிழடாகிவிட்டது என்றார். எனக்குத்தான் வாய் திறக்கவில்லை.

பால்மரத்தடியில் அவர் வெட்டத் தொடங்கினார். எந்த இடம் என்று மறந்துவிட்டாரோ, எல்லா இடத்தையும் வெட்டிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாரோ. கிராணி வீட்டு அலமாரிக் கண்ணாடி கனம் கனமாக வந்தது. பவுடர் டப்பாவில் வருகிற சின்ன வட்டக் கண்ணாடிகள் வந்தன. கோடி வீட்டுச் சிவப்புச் சட்டம் வந்தது. துணி இற்றுப்போய், ரசம் கறுத்துப்போய், எங்கள் லயத்துக் கெட்டதெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்தது. என்னுடைய கிளிப் படமும் வந்தது. அவர் வெறுங்கையால் எடுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டே இருந்தார். கையெல்லாம் ரத்தம். நான் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டார்.

கடைசியில் அது கிடைத்தது. காம்போடு அப்படியே, புதுத் துணியில். முந்தானையால் மண்ணைத் துடைத்தார். கண்ணாடியில் ரத்தம் ஒட்டிக்கொண்டது. அதையும் துடைத்தார்.

"அக்கா, குழிய மூடிடலாமே" என்றேன்.

"கெடக்கட்டும்."

கொஞ்ச தூரம் நடந்ததும் நின்றார். திரும்பினார். இத்தனை வருஷத்தில் அந்த வழியில் அவர் திரும்பி நான் பார்த்ததில்லை. நானும் பயந்துகொண்டே திரும்பினேன். அங்கே ஒன்றும் இல்லை. குழியும், கண்ணாடித் துண்டுகளும், அதில் பட்ட வெயிலும்தான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் கோடி வீட்டுப் பெண் பழக்க தோஷத்தில் வந்து நின்றாள். அவள் மகள் கைக்கண்ணாடியைப் போட்டு உடைத்துவிட்டாளாம். அக்கா புடைத்துக்கொண்டிருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "குப்பையில போடும்மா. கண்ணாடிதானே" என்றார். அவள் அழுதுகொண்டே போனாள். அன்றைக்கு ஏன் அழுதாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

லயத்தை இடித்தார்கள். ஆளுக்கொரு பக்கமாகப் போனோம். அக்கா சுங்கை காடுட் போகிற ரோட்டு மேலேயே ஒரு வீட்டில் தங்கை மகளோடு இருந்தார். கடைசியாக நான் பார்க்கப் போனது ஒரு பகல் நேரம். என் மகள் என்னைக் கேட்டில் இறக்கிவிட்டுப் போனாள்.

அக்கா முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் ரோட்டைப் பார்த்துத்தான் உட்காருவார்கள். அவர் ரோட்டுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. சத்தமில்லாமல் கேட்டைத் திறந்தேன்.

"வாடி. சேல புதுசா?" என்றார், திரும்பாமலே.

பக்கத்தில் போனேன். வலது கையில் அந்த மோட்டார் கண்ணாடியைக் காம்போடு பிடித்திருந்தார். தோளுக்கு மேலே, மோட்டாரில் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில். தங்கை மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "காலையில உக்காந்தா இப்படித்தான் சின்னம்மா. சோத்துக்குக்கூட எழுந்திருக்கறதில்ல" என்றாள்.

நான் குனிந்து கண்ணாடியைப் பார்த்தேன். கீறலுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று என் முகம். அதற்குப் பின்னால் ரோடு. மோட்டார்கள் வந்தன, கார் வந்தது. தூரத்தில் ஒரு கல் லோரி சின்னதாகத் தெரிந்தது. பெரிதாகிக்கொண்டே வந்தது. அக்கா நாற்காலியிலேயே இடது பக்கமாகச் சாய்ந்து அதற்கு வழி விட்டார். வீட்டை அதிரவைத்துக்கொண்டு லோரி போயிற்று. பிறகுதான் நிமிர்ந்தார்.

"அவன் சொன்னது சரிதான்டி" என்றார். "நல்லாத்தான் தெரியுது."